சொல்லிட்டுத் தொடுங்க

அந்த சிஸ்டரின் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுதப் போவதில்லை. யாரையும் கேட்காமல் விரல் நுனியால்கூடத் தொடாத ஒரு மனுஷியின் பெயரை, அவரைக் கேட்காமல் எடுத்து அச்சில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்கலாமென்றால், ரிடையர் ஆகி எந்தப் பக்கம் போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் சிஸ்டர் என்றே சொல்கிறேன். எழுபதுகளில் நெய்வேலி ஆஸ்பத்திரியில் சிஸ்டர்கள் பலர் இருந்தார்கள். மற்றவர்களைக் கண்ணாடி சிஸ்டர், உயரமான சிஸ்டர் என்று ஏதாவது சேர்த்துச் சொல்வோம். வெறுமனே சிஸ்டர் என்றால் இவர்தான். வார்டு பையன்கள் மட்டும் மறைவில் ரேடியோ சிஸ்டர் என்பார்கள்.

ரேடியோ என்றதற்குக் காரணம் உண்டு. ஆள் எதைச் செய்தாலும் முன்கூட்டி அறிவித்துவிட்டுத்தான் செய்வார். "ஐயா, கையைப் புடிக்கிறேங்க. நாடி பாக்கணும்." சொல்லிவிட்டு உடனே பிடித்துவிட மாட்டார். நோயாளி தலையாட்டவோ 'உம்' கொட்டவோ இடம் விட்டு நிற்பார். "ஊசி போடறேங்க, இடது பக்கம்." மறுபடி நிற்பார். "தண்ணி கொஞ்சம் சில்லுன்னு இருக்கும். துடைக்கட்டுங்களா?" பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறவரிடமும் இதே கதைதான், இதே காத்திருப்புதான்.

ஒரு வார்டு பையன் பொறுக்க மாட்டாமல் கேட்டான்: "சிஸ்டர், அந்தாளுக்குத்தான் காதே கேக்கலியே!"

"கேக்கலன்னு அவரு உன்னாண்ட சொன்னாரா?" என்றார் சிஸ்டர். பையன் பெட்பேன் எடுக்கப் போய்விட்டான்.

குள்ளமான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, சிரிப்பென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கைவிரல் நுனிகள் மட்டும் கறுத்துத் தோல் தடித்திருக்கும். பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருந்த ஊர் அவருடையது. சின்ன வயதில் கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைத்த கை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பொத்துப்போன விரல்கள், அப்புறம் எத்தனை வருஷம் ஆஸ்பத்திரி சோப்பில் கழுவியும் பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை. அந்த விரல்களை நான் நன்றாக அறிவேன். இருபத்து மூன்று நாள் என் உயிர் அவற்றின் பொறுப்பில் இருந்தது.

அது நானே தேடிக்கொண்ட வினை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் நான் மெக்கானிக். பெல்ட்டில் ஒரு கீறல் விழுந்தால் உடனே லாக் புக்கில் எழுதுகிறவன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கத்தரிச் செடிக்கு வேலி கட்டும்போது துருப்பிடித்த கம்பி வெறுங்காலில் ஏறியது. கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன். எட்டு நாள் கழித்து ஒரு காலையில் இட்லியைப் பிட்டு வாய்க்குள் வைக்கப் பார்த்தால் வாய் திறக்கவில்லை. பல்வலி என்று நினைத்தேன். மறுநாள் கழுத்து விறைத்தது. அதற்கு மறுநாள் முதுகு வில்லாக வளைந்தது. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், என்றார் டாக்டர்.

இந்த வியாதியின் கொடுமையை அனுபவித்தவன் சொல்கிறேன். உடம்பு முழுவதும் இழுத்துப் பிடிக்கும், ஆனால் புத்தி மங்காது. வெளிச்சம் பட்டால் இழுப்பு வரும். கதவு டமாலென்றால் வரும். எதிர்பாராமல் ஒரு கை மேலே பட்டால் கட்டாயம் வரும். ஒவ்வொரு இழுப்பிலும் மூச்சு அடைத்துப் போய், ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்றில் ஆள் போய்விடலாம். அதனால் வார்டின் கடைசியில் ஒரு சின்ன அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, காதில் பஞ்சு வைத்து, மூக்கு வழியாகக் குழாய் இறக்கி, என் கண்மேல் ஈரத் துணி போட்டுக் கிடத்தியிருந்தார்கள். ஊசி மருந்தின் மயக்கத்தில் பாதி தூங்குவேன். மீதிப் பாதியில் பஞ்சையும் மீறி எல்லாம் கேட்கும்.

அந்த அறைக் கதவில் சிஸ்டர் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டார். அதில் சாக்பீஸால் இரண்டு வரி: 'சொல்லிட்டுத் தொடுங்க. சங்குக்கு முன்னாடி சொல்லுங்க.'

முதல் வரி புரிகிறது. இரண்டாவது வரியை வேறு எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் எழுதியிருக்க மாட்டார்கள். நெய்வேலியில் ஷிப்டு மாறும் சங்கு காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்துக்கு ஊதும். வெளியூர்க்காரர்கள் முதல் தடவை கேட்டால் தூக்கிவாரிப் போடும். எங்களுக்குப் பழகிப்போன சத்தம். ஆனால் படுக்கையில் விழுந்த முதல் நாள் அந்தச் சங்கு என்னை ஏறக்குறையக் கொன்றுவிட்டது. சுரங்கத்தை நிறுத்தச் சொல்ல முடியுமா? சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, சரியாக இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் என் காதோரம் குனிந்து, பஞ்சை லேசாக ஒதுக்கிச் சொல்வார்: "இப்ப சங்கு ஊதப் போவுது. ஊதுனா ஊதிக்கினு போவட்டும். அது உங்களக் கூப்பிடல. உங்களுக்கு லீவு. மூச்சை மட்டும் விட்டுக்கினு இருங்க." சொல்லிவிட்டுப் பஞ்சைத் திரும்ப அமுக்குவார். சங்கு வரும். தெரிந்து வருகிற சத்தத்துக்கு உடம்பு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. இழுப்பு வந்தாலும் பாதியோடு போய்விடும். அவர் டியூட்டியில் இல்லாத ஷிப்டுகளில் மற்ற சிஸ்டர்கள் சிலேட்டைப் பார்த்துச் சொல்வார்கள்.

பெரிய டாக்டரையே ஒரு தடவை நிறுத்திவிட்டார். அவர் வேகமாக வந்து என் வயிற்றில் கை வைக்கப் போனபோது, "சார், சொல்லிட்டு" என்றார் சிஸ்டர், மெதுவாக. டாக்டர் கையைக் காற்றிலேயே வைத்துக்கொண்டு, "வயித்தை அமுக்கிப் பாக்குறேம்பா" என்றார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னாராம். பின்னாளில் என் மனைவி இதை நடித்துக் காட்டிச் சிரிப்பாள். மார்க்கெட்டில் கத்தரிக்காயைக்கூட அனுமதி கேட்டுத்தான் சிஸ்டர் பொறுக்குவார் என்பதும் அவள் கட்டிவிட்ட கதைதான்.

ஆனால் காரணத்தைக் கேட்டவளும் அவள்தான். அறை வாசலில் பெஞ்சில் பழியாய்க் கிடந்தவள், ஒரு மத்தியானம் கேட்டிருக்கிறாள், இது நர்ஸ் படிப்பில் சொல்லிக் கொடுத்ததா என்று.

"படிப்புலயும் சொன்னாங்க. எனக்கு முன்னாடியே தெரியுங்க" என்றாராம் சிஸ்டர். "சின்னப் புள்ளையில எங்களை யாரும் தொட மாட்டாங்க. தொட்டா அடிக்கத்தான். அது எப்ப வந்து விழும்னு தெரியாது. உடம்பு எப்பவும் வெறச்சுக்கினே இருக்கும். உங்க வூட்டுக்காரரைப் பாத்தா எனக்கு அந்த நெனப்புதான் வருது."

என் மனைவி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டாள். 

பக்கத்து அறையில் ஒரு வயதான போர்மன் கிடந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்தில் சிஸ்டரின் குரல் ஒரு நாள் காலை கேட்டுக்கொண்டே இருந்தது. "முகம் துடைக்கிறேங்க ஐயா... வலது பக்கம் திருப்புறேங்க, புடிச்சிக்கினு இருக்கேன், விழ மாட்டீங்க... வேட்டி மாத்திடலாங்களா... கட்டு கட்டுறேன், இறுக்க மாட்டேன்." ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்த இடைவெளி. போர்மன் தேறிவருகிறார் போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் தள்ளுவண்டியும் அவர் மகளின் அழுகையும் வந்தபோதுதான், அவர் விடிகாலையே போய்விட்டார் என்று புரிந்தது. பயந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ தைரியம்தான் வந்தது. செத்தாலும் இந்த அம்மா நம்மை ஒரு சாமானாகப் புரட்ட மாட்டார் என்று தோன்றியது.

இனி பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அப்பா இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் என்னை வளர்த்து ஆளாக்கியவர் அப்பாவின் அண்ணன். அவருக்குப் பிள்ளை கிடையாது. என்மேல் உயிர். என் மனைவி கொடுத்த தந்தி கிடைத்ததும் அவர் உடனே புறப்படவில்லை. அதற்கும் நான்தான் காரணம். லீவு வேண்டுமென்று 'பெரியப்பா சீரியஸ், உடனே வரவும்' என்று இரண்டு தடவை அவரையே தந்தி கொடுக்க வைத்திருக்கிறேன். இரண்டு தடவையும் சாகக் கிடந்து பிழைத்தவர், இதையும் அந்த மாதிரி ஏதோ ஒரு கணக்கு என்று ஒரு நாள் யோசித்திருக்கிறார். பிறகு நெஞ்சு கேட்காமல், இறந்துபோன என் பெரியம்மாவின் பித்தளைச் செம்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

நல்ல வெயிலில் வந்து சேர்ந்தவருக்கு சிஸ்டர் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். பெரியப்பா டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்: "நீ எந்த ஊரு தாயி? ஊருல எந்தத் தெரு?"

சிஸ்டருக்கு இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று தெரியாதா? "ஊருக்குக் கிழக்கால, காலனிங்க" என்றார், டக்கென்று.

"எனக்குத் தாகம் இல்ல" என்று பெரியப்பா டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டார். சிஸ்டர் அதை எடுத்துக் கொட்டிவிட்டு மணி பார்த்தார். இரண்டடிக்க மூன்று நிமிஷம் இருந்தது. என் அறைக்குள் வந்தார்.

பெரியப்பா கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே இருட்டு. கட்டிலில் முகத்தில் துணி போட்டு நான் கிடக்கிறேன். ஒரு பெண் குனிந்து என் காதில் மெல்ல ஏதோ சொல்கிறாள். எங்கள் பக்கத்தில் உயிர் போகிறவன் காதில்தான் அப்படிக் குனிந்து சாமி பெயரைச் சொல்வார்கள். பெரியப்பா விறைத்துப்போய் நின்ற அந்த நிமிஷத்தில் சங்கு ஊதியது. என் உடம்பு கட்டிலைவிட்டு எழும்பி வளைந்து விழுந்தது.

"ஐயோ, எம்புள்ள போறானே! காதுல நாமம் சொல்லிட்டா, உசிரு எழும்பி விழுந்துட்டு!" பெரியப்பா செம்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்கு ஓடினார். பத்து நிமிஷத்தில் செம்பு நிறையப் பாலோடு திரும்பி வந்தார். விஷயம் காதில் விழுந்து, டீக்கடையில் நின்றிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் பின்னால் வந்தார்கள். சாகிறவன் வாயில் பால் ஊற்றாமல் விடுவது எங்களுக்கு மகாபாவம். என் வாயோ பூட்டிக் கிடக்கிறது. பல்லிடுக்கில் ஒரு மடக்குப் பால் இறங்கினால் நேராக மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். பிழைக்க இருந்தவன், வளர்த்தவர் கையாலேயே செத்திருப்பேன்.

எனக்கு எல்லாம் கேட்டது. வாசலில் என் மனைவி அழுதுகொண்டே மறித்தாள். "விலகுட்டி! கடைசிப் பால் இல்லாம எம்புள்ளய அனுப்பச் சொல்லுதியா?" என்று பெரியப்பா அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார். கத்த முடியவில்லை எனக்கு. விரலை அசைக்க முடியவில்லை. பால் வாசனை பக்கத்தில் வந்தது. 

"பெரியவரே, செத்த நில்லுங்க" என்றது சிஸ்டரின் குரல். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அதிலேயே நான் போயிருப்பேன். "பால் ஊத்தறது உங்க முறை. நான் வேணாங்கல. ஆனா இந்த ரூம்புல அவரைக் கேக்காம யாரும் எதுவும் செய்யறதில்ல. கேட்டுடறேன்." செம்பை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம்: "கண்ணு மேல இருக்கற துணியை எடுக்கறேங்க." எடுத்தார். "உங்க பெரியப்பா வந்திருக்காரு. உங்களுக்குப் பால் ஊத்தணுங்கறாரு. ஊத்தலாம்னா ஒரு வாட்டி கண்ணு சிமிட்டுங்க. வேணாம்னா ரெண்டு வாட்டி."

நான் என் பலம் முழுவதையும் இமைக்குக் கொண்டுவந்து இரண்டு தடவை சிமிட்டினேன். சந்தேகம் வேண்டாம் என்று இன்னும் இரண்டு தடவை சிமிட்டினேன்.

"வேணாங்குறாரு" என்றார் சிஸ்டர்.

கடைசிப் பாலை வேண்டாமென்று சொன்ன பிணத்தைப் பெரியப்பா அதுவரை கண்டதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏல... இருக்கியால" என்று கேட்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். துண்டால் பொத்தியது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் அந்தச் சத்தத்துக்கே எனக்கு இழுப்பு வந்திருக்கும்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்தினால் பெரியப்பாவுக்கு நல்லது. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிற்பாடு அவர் குழாயடிக்குப் போய்ப் பாலைக் கொட்டி, சிஸ்டரின் கைபட்ட அந்தச் செம்பை மண் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினார். வார்டு ஜன்னலிலிருந்து சிஸ்டர் அதைப் பார்த்தார். என் மனைவி இதை நான் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. வீட்டுக்குப் போகிற அன்று, "சிஸ்டர், எங்க பெரியப்பா அந்தச் செம்பை..." என்று ஆரம்பித்தேன்.

"செம்பு அவுரு வூட்டுதுங்க. நல்லாக் கழுவட்டும்" என்றார். "நீங்க தோட்டத்துக்குப் போனா செருப்பு போட்டுக்கினு போங்க."

ஏழெட்டு வருஷம் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், பெரியப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்று வந்தது. மதுரையில் காட்டி, மெட்ராஸில் காட்டி, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். என் குவார்ட்டர்ஸுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். வலி மிஞ்சியபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். படுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்தச் சொல்லிச் சொல்லித் தொடுத பிள்ள இருக்காளா?"

இருந்தார். தலை நரைத்து, வார்டுக்கே பொறுப்பாகியிருந்தார். பெரியப்பாவின் உடம்பில் எங்கே தொட்டாலும் வலி. மற்றவர்கள் புரட்டினால் அலறுவார். சிஸ்டர் வந்து, "இடது பக்கம் திருப்பணுங்க. நீங்க மூச்சை இழுத்துக்கினு ரெடின்னா சொல்லுங்க" என்று நிற்பார். பெரியப்பா நேரம் எடுத்துக்கொண்டு, "ம்" என்பார். அலறல் இருக்காது. எல்லாவற்றுக்கும் சிஸ்டர் வேண்டும். தொண்டை நனைக்கத் தண்ணீர் என்றால் மட்டும் "மருமவ தரட்டும்" என்பார். "சரிங்க" என்று சிஸ்டர் விலகி என் மனைவிக்கு இடம் விடுவார். கிடக்கிற கிடையில் இது என்ன பிடிவாதம் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

பெரியப்பாவுக்குப் பேச்சு நின்றுபோனது. ஒரு முற்பகலில் டாக்டர், இன்று தாங்காது என்றார். அதே பித்தளைச் செம்பில் பால் கொண்டுவந்தோம். சிஸ்டர் குனிந்தார். "ஐயா, உங்க புள்ள பால் கொண்டாந்திருக்காரு. உள்ள போவாது, நாக்கு நனையற மாதிரி ஒரு சொட்டுதான். ஊத்தலாம்னா ஒரு வாட்டி. வேணாம்னா ரெண்டு."

பெரியப்பா இரண்டு தடவை சிமிட்டினார். உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. கிழவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது.

"வேணாங்குறாரு. எடுத்துக்கினு போய்க் காப்பி போட்டுக் குடிங்க" என்றார் சிஸ்டர். சாவை எதிர்பார்த்து நின்ற நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். சிஸ்டரும் சிரித்தார், அதை அன்றுதான் பார்த்தேன். பெரியப்பா அதற்கப்புறம் ஐந்து நாள் இருந்தார். அந்த ஐந்து நாளில் சிஸ்டர் கொடுத்த ஊசி மருந்தால் வலி அடங்கி, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

ஆறாம் நாள் இரண்டு மணிச் சங்கு ஊதியபோது பெரியப்பா இல்லை. அதற்கு அரைமணி முன்னால் நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

சிஸ்டர் வழக்கம்போலக் கேட்டார். பெரியப்பா ஒரு தடவை சிமிட்டினார். நான் பஞ்சைப் பாலில் தோய்த்து உதட்டில் வைத்தேன். என் மனைவி வைத்தாள். பெரியப்பா கண்ணை மூடவில்லை. கட்டிலின் மறுபக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் யாராச்சும் வரணுங்களா?" என்றார் சிஸ்டர். பெரியப்பா இரண்டு தடவை சிமிட்டினார். "மருமவ இன்னொரு வாட்டி குடுக்கணுங்களா?" மறுபடி இரண்டு.

என் மனைவிதான் கண்டுபிடித்தாள். "சிஸ்டர், உங்களத்தான் பாக்காங்க."

"நானுங்களா?" என்றார் சிஸ்டர். பெரியப்பா ஒரு தடவை சிமிட்டினார்.

 சிஸ்டர் அந்தச் செம்பை எடுத்துக்கொண்டு, கறுத்த விரல்களால் பஞ்சை நனைத்து, குனிந்து அவர் உதட்டில் வைத்தார்.  ஒரு சொட்டு தாடையில் வழிந்ததை விரலாலேயே துடைத்தார். துடைத்த பிறகுதான் நினைவு வந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, சொல்லாமத் தொட்டுட்டேனே ஐயா" என்றார்.

பெரியப்பா அவரையே பார்த்து, அவசரமில்லாமல், ஒரே ஒரு தடவை சிமிட்டினார்.